அடுத்த வருஷ நார்பர்ட்

நார்பர்ட் ஸ்டோடோலாவுக்கு ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் கால் வைத்தால் முழங்கால் ஆடும். ஏரி உறைந்து, ஊரே அதன்மேல் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் மீன் பிடிக்கும் காலத்திலும் அவர் மட்டும் கரையில் நின்று, இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்பார். பால் கூட்டுறவு ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டுப் பக்கம் லேசாகத் திரும்பினாலும் போதும், எரிவாயுவைக் குறைத்துவிட்டு வந்துதான் காபியை வாயில் வைப்பார். விஸ்கான்சின் உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் யாராவது பயந்தாங்கொள்ளி என்று சொன்னால், யாரைச் சொல்கிறாய் என்று எவரும் கேட்டதில்லை.

அந்த மனிதர்தான் தன் வீட்டு கார் கொட்டகையில் ஒரு விமானம் கட்டினார்.

அந்தப் பக்கத்தில் அது அதிசயம் ஒன்றுமில்லை. தபாலில் வரைபடம் வாங்கி, கொட்டகையில் மரத்தை இழைத்து விமானம் கட்டுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சங்கமும் இருந்தது. மாதம் ஒருமுறை கூடி, பன்றி இறைச்சி சாஸேஜ் சுட்டுத் தின்று, பீர் குடித்து, அடுத்தவன் கட்டுவதில் குற்றம் சொல்லிவிட்டுக் கலைவார்கள். நார்பர்ட் அதில் சேர்ந்ததற்குக் காரணம் பறக்கும் ஆசை அல்ல. அவருக்கு மரத்தை இழைக்கப் பிடிக்கும். பசை காய்ந்ததா என்று நகத்தால் தட்டிப் பார்க்கப் பிடிக்கும். கட்டி முடியாத விமானத்தில் யாரும் ஏறச் சொல்ல மாட்டார்கள் என்பதும் ஒரு வசதி.

ஆகவே அவர் கட்டிக்கொண்டே இருந்தார். எப்போது பறக்கும் என்று கேட்டால், "அடுத்த வருஷம்" என்பார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அதையே சொன்னதில் அது அவருக்குப் பெயராகவே ஒட்டிக்கொண்டது. தபால் நிலையத்துக்குப் போனால்கூட, "வாய்யா, அடுத்த வருஷ நார்பர்ட்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். உள்ளே வலிக்கத்தான் செய்தது.

அவர் மகள் கார்லா இதற்கு நேர் எதிர். வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானத்தை ஓட்டுகிறவள். கிழங்குச் செடியின் தலையை உரசுவது போலப் பறந்து, வரப்பின் கடைசியில் மின்கம்பிக்கு மேல் விருட்டென்று தூக்கி, திருப்பி, மறுபடி இறங்குவாள். நார்பர்ட் ஒரே ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். அப்பா கட்டும் விமானத்தை முதலில் தான்தான் ஓட்ட வேண்டும், ஜூலை மாதம் ஆஷ்கோஷில் உலகம் முழுவதிலிருந்தும் வந்து இறங்கும் விமானக் கூட்டத்துக்கு நடுவே அதைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்காகத்தான் அவள் வருஷக்கணக்காகக் காத்திருந்தாள்.

அந்த வசந்தத்தில் சாக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது. இறக்கைக்குத் துணி போர்த்தியாகிவிட்டது. மஞ்சள் வண்ணம் பூசியாகிவிட்டது. அரசாங்க ஆய்வாளர் வந்து குனிந்து நிமிர்ந்து பார்த்து, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கார்லா பாராஷூட்டைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். அப்போதுதான் நார்பர்ட் ஒரு புதுச் சாக்கைக் கண்டுபிடித்தார்.

"இறக்கைய ஒரு தடவ பாரம் ஏத்திப் பாத்துடலாமே" என்றார்.

பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. வரைபடம் விற்றவரே அதே மாதிரி இறக்கை ஒன்றைச் செய்து, உடையும் வரை ஏற்றிப் பார்த்துத்தான் எண்களைப் போட்டிருந்தார். வரைபடத்தில் இறக்கை தாங்கும் பாரத்துக்கு இரண்டு எண்கள். முதல் எண் வரை ஏற்றினால் இறக்கை வளையும், இறக்கினால் பழையபடி நிமிரும். அதற்கு மேல் இன்னும் பாதி மடங்கு வரைக்கும் உடையக் கூடாது என்பது இரண்டாவது எண். இரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் மோசமான இடம். அங்கே போன இறக்கை உடைந்திருக்காது, ஆனால் பழைய இறக்கையாகவும் இருக்காது. அதை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

கார்லாவுக்கு எரிச்சல்தான். ஆனால் சங்கத் தலைவர் க்ளிஃபோர்ட் ரீட்ஸுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. குளிர்கால அடுப்பு விற்கிறவர், ஆள் கதவு அகலம், எதையும் விருந்தாக்கிவிடுவார். ஒரு சனிக்கிழமை சங்கமே நார்பர்ட் வீட்டு முற்றத்தில் கூடியது. இறக்கையைக் கழற்றிக் கவிழ்த்து, உடம்போடு சேரும் இடத்தில் இரண்டு மர ஸ்டாண்டின்மேல் வைத்தார்கள். பறக்கும்போது காற்று அதைக் கீழிருந்து தூக்கும், அதனால் சோதிக்கும்போது கவிழ்த்துப் போட்டு மேலிருந்து அழுத்த வேண்டும். அழுத்துவதற்கு உப்பு. தண்ணீரின் கடினத்தைப் போக்கப் போடும் உப்புப் பைகள், எல்லார் வீட்டு நிலவறையிலும் இருப்பவை, வண்டி வண்டியாக வந்தன.

நார்பர்ட் இடது இறக்கையின் கீழே அட்டையை விரித்து மல்லாந்து படுத்து, அளவுகோலைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் பைகளை அடுக்க அடுக்க, இறக்கை மெல்லத் தாழ்ந்து அவர் மூக்கை நோக்கி வந்தது. முதல் எண் வந்ததும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். இறக்கை சத்தமில்லாமல் தாங்கி நின்றது. வெளியே கைதட்டினார்கள். நார்பர்ட்டின் வாழ்க்கையில் அவருக்காக யாராவது கைதட்டியது அநேகமாக அதுதான் முதல் தடவை.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம். யார் இறக்கை கட்டி முடித்தாலும், சங்கத்தார் அத்தனை பேரும் அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் இறக்கை எவ்வளவு பலம் பார் என்று உலகத்துக்குச் சொல்கிற படம். வெறும் இறக்கையில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது.

"பைய இறக்கிட்டு உக்காருங்க" என்று நார்பர்ட் அடியிலிருந்து சொன்னார்.

"பையோட இருந்தாத்தான்யா படம் படமா இருக்கும்" என்றார் க்ளிஃபோர்ட். "கீழயே கெட. உன் மூஞ்சி இல்லாமலே படம் நல்லா வரும்."

அவர்கள் உட்கார்ந்தார்கள். சாஸேஜும் பாலாடைக்கட்டியும் தின்று வளர்ந்த ஊர், ஒருத்தர்கூட ஒல்லி இல்லை. இறக்கை மேலும் தாழ்ந்தது. ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. பக்கத்து அறையில் யாரோ ஒரே ஒரு விரலைச் சொடக்கு எடுத்தது போல. மேலே எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டது அவர் மட்டும்தான்.

பைகளை இறக்கியதும் அளவுகோலைப் பார்த்தார். இறக்கை திரும்பி வந்திருந்தது, ஒரு நூல் குறைய. ஸ்டாண்டின் கால் மண்ணில் அழுந்தியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கையில் பீரைக் கொடுத்து முதுகில் தட்டினார்கள். அவர் வாங்கிக் குடித்தார்.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் அவரை விடவில்லை. கொதிகலன் பக்கத்தில் நிற்கும்போது கேட்டது. தேவாலயத்தில் மண்டியிடும்போது கேட்டது. மனைவி மேவிஸ் காலையில் முட்டையை உடைத்தால் கரண்டியைக் கீழே போட்டார்.

ஒரு நாள் மேவிஸிடம் சொன்னார். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நார்ப், ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிச்சாலே யாரோ வந்துட்டாங்கன்னு எந்திரிச்சு உக்காருற ஆளு நீ."

"இது அப்படி இல்ல மேவிஸ்."

"கிறிஸ்துமஸ் மரத்துல தீப்பிடிக்கும்னு நாலு வருஷம் விளக்குப் போடாம வச்சியே, அப்பவும் இதேதான் சொன்னே."

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு எல்லாரும் கூடும் கடையில் க்ளிஃபோர்ட்டிடம் சொல்லிப் பார்த்தார். க்ளிஃபோர்ட் மீன் துண்டை வாயில் வைத்தபடியே சிரித்தார்.

"அது ஸ்டாண்டு சத்தம்யா. இல்லேன்னா என் முழங்கால். உடையலையே? உடையலேன்னா தாங்கிருச்சுன்னு அர்த்தம். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு, மாதா வந்து காட்சி குடுக்கணுமா?"

பக்கத்து மேசையிலிருந்து யாரோ, "அடுத்த வருஷம் குடுப்பா" என்றார்கள். கடையே சிரித்தது.

கார்லாவிடம் சொல்ல மூன்று தடவை போய்த் திரும்பி வந்தார். நாலாவது தடவை அவள் இறக்கையை உடம்போடு பூட்டி, மரையை முறுக்கிக்கொண்டிருந்தாள். இவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேண்டாம்ப்பா. ஆரம்பிக்காத."

"ஒரு சத்தம் கேட்டுச்சும்மா. அன்னிக்கு."

"போன வருஷம் புரொப்பல்லர். அதுக்கு முந்தின வருஷம் டாங்க் ஒழுகும்னே. அதப் பிரிச்சுப் பாத்தோம், ஒழுகல. அதுக்கு முன்னாடி சக்கரம். எனக்கு முப்பத்தஞ்சு ஆகப்போகுதுப்பா. நீ சொல்ற ஒவ்வொரு தடவையும் நான் நின்னேன். இந்தத் தடவை நிக்க மாட்டேன்."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் நார்பர்ட்டை வாட்டியது. அவர் சொன்ன எந்தப் பயமும் இதுவரை உண்மையானதில்லை. ஏரிப்பனி உடையவில்லை. மரம் தீப்பிடிக்கவில்லை. டாங்க் ஒழுகவில்லை. ஆயுள் முழுக்கப் பொய்ப் பயத்தையே பயந்துவிட்ட மனிதருக்கு, உண்மைப் பயம் வந்தால் அதை எப்படி அடையாளம் தெரியும்? தனக்கே தன்மேல் நம்பிக்கை இல்லை. கண்ணை மூடினால் மகள் உருளைக்கிழங்கு வயலுக்கு மேலே விருட்டென்று திரும்புவாள், அந்த ஒற்றைச் சொடக்குச் சத்தம் கேட்கும், பிறகு மஞ்சள் துணி தனியாகப் பறக்கும்.

இதில் இன்னொரு முள்ளும் இருந்தது. இறக்கைக்கு ஏதாவது ஆகியிருந்தால், ஆனது அந்தச் சோதனையால்தான். சோதனை கேட்டது அவர். சும்மா விட்டிருந்தால் நல்ல இறக்கை நல்ல இறக்கையாகவே இருந்திருக்கும். பயந்து பயந்து, கடைசியில் பயப்பட ஒரு காரணத்தைத் தன் கையாலேயே செய்து வைத்துவிட்டோமோ என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு சில்லிட்டது.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்று எழுவதற்கு முன்னால் பறப்பது என்று முடிவாயிற்று. ஊருக்கு வெளியே இருக்கும் புல்தரை ஓடுபாதைக்குச் சங்கம் முழுவதும் வந்திருந்தது. க்ளிஃபோர்ட் காலையிலேயே கரியடுப்பை மூட்டிவிட்டார். புல்லில் பனி ஈரம். விமானம் மஞ்சளாக நின்றது. உண்மையிலேயே அழகாக இருந்தது. ஒரே இருக்கை. கார்லா பாராஷூட்டை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து வாரைப் பூட்டினாள். சின்ன வயதில் சைக்கிளில் ஏறியதும் காட்டிய அதே முகம். நார்பர்ட்டால் பார்க்க முடியவில்லை.

"முதல் நாள் மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்றாள். "சுத்தி வந்து இறக்கிடுவேன். போதுமா? சிரிப்பா கொஞ்சம்."

மெதுவாகத்தான் ஓட்டுவாள். இன்றைக்கு. நாளைக்கும் ஓட்டுவாள். பிறகு ஒரு மத்தியானம், வயல் சூடாகிக் காற்று கீழிருந்து உதைக்கும் ஒரு நேரத்தில், இல்லையென்றால் ஒரு பறவைக்காக ஒதுங்கும்போது, பாரம் ஒரே நொடியில் மூன்று மடங்காகும். நார்பர்ட் இறக்கைப் பக்கம் நடந்தார்.

சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தார். இடது இறக்கை உடம்போடு சேரும் இடத்துக்குச் சற்று வெளியே, நடுச்சட்டத்துக்குப் பின்னால், மஞ்சள் துணியில் கத்தியைக் குத்தி இழுத்தார். இறுக்கமான துணி டர்ரென்று கிழிந்தது. அந்தச் சத்தம் ஓடுபாதை முழுவதும் கேட்டது.

மேவிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ, "நார்பர்ட்டுக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சு" என்றார்கள். கார்லா வாரை அவிழ்த்துக் குதித்து வந்தாள்.

"என்னப்பா பண்ற நீ?"

அவர் கால்சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். அதை உள்ளே விட்டு, கன்னத்தைத் துணியோடு ஒட்டிப் பார்த்தார். இறக்கைக்குள் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஒரே சட்டமாக ஓடும் ஸ்ப்ரூஸ் மரம், அவரே வார்னிஷ் அடித்தது, தேன் நிறத்தில் மினுங்கியது. மரத்தின் ரேகை நேராக ஓடியது. சட்டத்தின் நடுவில் பலத்துக்காக ஒட்டிய தடித்த பட்டை முடியும் விளிம்பில், நசுங்கினால் எங்கே நசுங்குமோ அந்த இடத்தில், ஒன்றுமே இல்லை. விரலால் தடவினார். கண்ணாடிபோல வழுவழுப்பு.

"என்ன இருக்கு?" என்றார் க்ளிஃபோர்ட், இடுக்கியைப் பிடித்தபடி.

"ஒண்ணுமில்ல" என்றார் நார்பர்ட்.

முதலில் ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லாரும். "அப்ப அடுத்த வருஷமா நார்ப்?" என்றார் க்ளிஃபோர்ட். கெட்ட மனதில் சொல்லவில்லை, பழக்கத்தில் சொன்னார். நார்பர்ட் கத்தியை மடக்கினார்.

கார்லா சிரிக்கவில்லை. கிழிந்த துணியையும் அவர் கையிலிருந்த கத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபத்தில் அவள் கழுத்து சிவந்திருந்தது.

"இப்பவாவது பயம் போச்சா?" என்றாள்.

அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஒட்டுத்துணி போட்டு, அடுத்த ஞாயிறு அவள் பறந்துவிடுவாள்.

"இல்ல" என்றார்.

"ஏன்? உள்ளதான் ஒண்ணுமில்லையே."

"நான் பயப்படுறதெல்லாம் என்ன ஆகுமோன்னு பயப்படுறதும்மா. பனி உடையுமோ, தீப்பிடிக்குமோ. அதெல்லாம் நானா நினைச்சுக்கறது. இது நான் நினைச்சது இல்ல. என் காதால கேட்டது. ஆகுமோ இல்ல கார்லா. ஆயிடுச்சு."

பின்னால் கரியடுப்பில் கொழுப்புச் சொட்டிப் பொரிந்தது.

"நீ எந்தப் பக்கம் படுத்திருந்தே?"

"இந்தப் பக்கந்தான். இடது."

"சட்டம் ஒரே மரந்தானே? இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்."

"ஆமா."

"ஒரே மரத்துல சத்தம் எங்க கெளம்புச்சுன்னு கீழ படுத்துட்டு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். கை நீட்டினாள். "கத்தியக் குடு."

வாழ்நாளில் அவருடைய பயத்தை நம்பி யாரும் எதையும் செய்ததில்லை. அவள் சுற்றிக்கொண்டு வலது இறக்கைக்குப் போனாள். அதே இடத்தில், அதே அளவு, அவளே கிழித்தாள். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் மரத்தோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாள். குனிந்தாள். நிமிரவே இல்லை.

"அப்பா" என்றாள், குனிந்தபடியே. "வந்து பாரு."

அவர் போய்ப் பார்த்தார். பட்டை முடியும் விளிம்பில், சட்டத்தின் மேல் ஓரத்திலிருந்து கீழே இறங்கி, ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு. முடியளவுதான். வார்னிஷ் அந்த இடத்தில் மட்டும் வெளுத்திருந்தது. கார்லா நகத்தை அதன்மேல் ஓட்டினாள். நகம் மாட்டியது. மறுபடி ஓட்டினாள். மறுபடி மாட்டியது. மரம் உள்ளே நசுங்கி, நார் மடிந்துவிட்டிருந்தது. அப்படி மடிந்த மரம் மெல்ல ஓட்டினால் தாங்கும். ஒரு நாள், ஒரு உதையில், தாங்காது.

க்ளிஃபோர்ட் வந்தார். பெரிய உடம்பை மடக்கிக் குனிந்து, தானும் விரலை உள்ளே விட்டுத் தடவினார். முகம் வெளிறிப்போயிற்று. அன்றைக்குப் படத்துக்காக இந்த வலது இறக்கையின் நடுவில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

கார்லா கத்தியை மடக்கி அப்பாவிடம் நீட்டினாள். மின்கம்பிக்கு மேல் விமானத்தை விருட்டென்று தூக்குகிற கை அது. நடுங்கிக்கொண்டிருந்தது. நார்பர்ட் கத்தியை வாங்கவில்லை, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடையதும் நடுங்கியது. ஆனால் அவருக்கு அது பழக்கம், அதனால் அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் க்ளிஃபோர்ட்டின் மனைவி உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு காரிலிருந்து இறங்கி வந்தாள். தாமதமாகிவிட்டது என்று வேக வேகமாக வந்தவள், கூட்டம் இப்படி நிற்பதைப் பார்த்துக் கேட்டாள்.

"பறந்தாச்சா? நான் விட்டுட்டனா? எப்பப் பறக்குது?"

கார்லாதான் சொன்னாள்.

"அடுத்த வருஷம்."

யாரும் சிரிக்கவில்லை.